கூட்டம் சேரும், சங்கம் சேருமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், குறைவாக நடத்தப்படுபவர்கள் எப்படிச் சேர்வது, சேர்ந்தபின் எப்படிக் கலையாமல் இருப்பது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். சிலர் அப்படிக் கேட்டிருந்தார்கள், கேட்காதவர்களுக்கும் அதுதான் நல்லது.

கேள்வி: குழாய், சாலை, தெருவிளக்கு எல்லாம் பக்கத்துத் தெரு வரை வந்து நின்றுவிடுகிறது, எங்கள் குடியிருப்புக்குள் மட்டும் வராது. காரணம் எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருக்கிறோம், தினமும் கோபமாகப் பதிவு போடுகிறார்கள். கூட்டம் என்று கூப்பிட்டால் எட்டுப் பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் என் வீட்டு ஆட்கள். மக்களுக்கு அக்கறையே இல்லையா?

அக்கறை இல்லாமலா தினமும் உட்கார்ந்து எழுதுகிறார்கள்? கூட்டத்துக்கு வந்தால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கைதான் இல்லை. இதற்கு முன்னால் எத்தனையோ கூட்டத்துக்குப் போய், யாரோ மைக்கைப் பிடித்து ஒன்றரை மணி நேரம் பேசியதைக் கேட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் காகிதம் எங்கே போனது என்றே தெரியாமல் இருப்பவர்கள் அவர்கள். வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று அவர்கள் நினைப்பதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

குழுவில் அழைப்பு அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, ஆள் ஆளாகப் போய்ப் பாருங்கள். நோட்டீஸ் கொடுக்க வேண்டாம், போய்க் கேளுங்கள். "இதில் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருப்பது எது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் சிரமம், ஏனென்றால் பொதுவேலைக்கு வருகிறவர்களுக்குப் பேசித்தான் பழக்கம். முதலில் "எல்லாமேதான்" என்பார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், வேலை முடிந்து ராத்திரி வரும் மகள் அந்தக் கடைசித் திருப்பத்து இருட்டைத் தாண்டும்வரை தான் வாசலிலேயே நிற்பதாகச் சொல்வார். அதுவரை அது அவர் வீட்டுக் கவலை. நாலு வீடு தள்ளி இன்னொரு அம்மாவும் இதே நேரத்துக்கு வாசலில் நிற்கிறார் என்று தெரிய வரும்போதுதான் அது பொதுப் பிரச்சினையாகிறது. எழுந்து வருவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலையைக் கேட்டுவிடுங்கள்: "வியாழக்கிழமை காலையில் என்னோடு ஆபீசுக்கு வந்து இந்த மனுவுக்கு ரசீது வாங்கித் தர முடியுமா?" வெறுமனே "ஆதரவு கொடுங்கள்" என்றால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்களைச் சேர்த்த செசார் சாவேஸ் செய்தது இதைத்தான். யாராவது ஒருவர் வீட்டில் அக்கம்பக்கத்தார் சில பேரை மட்டும் கூட்டிப் பேசுவது, முடியும்போது வந்தவர்களில் ஒருவரை அடுத்த கூட்டத்தைத் தன் வீட்டில் வைக்கச் சொல்வது. 1962-இல் சங்கம் தொடங்கி, 1965-இல் பெரிய வேலைநிறுத்தம் வரும்வரை பெரும்பாலும் இந்த வேலைதான். நாம் மூன்று வாரத்தில் அலுத்துக்கொள்கிறோம்.

அப்புறம் ஒன்று. குழாய், சாலை, விளக்கு மூன்றையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள். மூன்று துறைக்குப் போய் மூன்று மேஜையில் தூங்கும். விளக்கை மட்டும் எடுங்கள். செலவு குறைவு, ஒரு அதிகாரி மனது வைத்தால் முடியும், எரிந்தால் குழுவில் உள்ள இருநூறு பேரும் கண்ணால் பார்ப்பார்கள். இதற்கு எட்டுப் பேர் தாராளம், உங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: சட்டமே நம் பக்கம் இருக்கும்போது எதற்கு ஊர்வலம், கூட்டமெல்லாம்? நல்ல வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டால் போதாதா?

வழக்குப் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மகாராஷ்டிரத்தில் உள்ள மகாட் ஊர்க் குளத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போடுங்கள். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லாருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இலேயே தீர்மானம் போட்டது. அடுத்த வருஷம் மகாட் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. சரி, யாராவது போய்த் தண்ணீர் குடித்தார்களா? தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அன்றைக்கே அடி விழுந்தது. குளம் தீட்டாகிவிட்டதென்று சடங்கு செய்து 'சுத்தம்' செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையும் வாபஸ் வாங்கிக்கொண்டது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆனது.

தீர்மானம் வந்தபோது ஆள் இல்லை, அது காகிதமாகவே கிடந்தது. ஆட்கள் நடந்து போன பிறகுதான் எது பொது, எது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே நீதிமன்றப் படி ஏறியது. பத்து வருஷம் வழக்கு நடக்கும் என்றால், அந்தப் பத்து வருஷமும் பின்வாங்காமல் நிற்க ஆள் வேண்டும். உங்கள் வக்கீலையே கேட்டுப் பாருங்கள், தனி ஆளின் வழக்கை எதிர்த்தரப்பு எப்படிச் சமரசத்துக்கு இழுக்கும் என்று அவரே சொல்வார்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் வீடு வீடாகப் போவது, சந்தா வாங்குவது, கூட்டத்துக்கு இடம் பெருக்குவது, பாய் விரிப்பது எல்லாம் பெண்கள்தான். மேடையில் உட்காருவது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது, அதிகாரியோடு பேசப் போவது எல்லாம் ஆண்கள். கேட்டால் "சமத்துவத்துக்காகத்தானே போராடுகிறோம், இதில் போய்ப் பிரிவினை பேசுகிறாயே" என்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாமா?

பேசாமல் இருக்க வேண்டாம். மற்றவர் தங்களுக்குச் செய்கிறார் என்று புகார் சொல்லும் அதே காரியத்தை அவர்கள் உங்களுக்குச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு என்றதும் எல்லாருக்கும் ரோசா பார்க்ஸ் ஞாபகம் வருவார், மார்ட்டின் லூதர் கிங் ஞாபகம் வருவார். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை ஞாபகம் வருவதில்லை. பேருந்தில் கறுப்பின மக்களை நடத்தும் விதத்தை மாற்றாவிட்டால் புறக்கணிப்பு வரும் என்று அவருடைய பெண்கள் அமைப்பு நகர மேயருக்கு 1954 மே மாதமே கடிதம் எழுதிவிட்டது. 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானதும் அன்று ராத்திரி முழுக்கக் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை ராபின்சன் அடித்து முடித்தார். மறுநாள் அவை ஊர் முழுக்கப் பரவின. அதற்குப் பிறகுதான் பாதிரியார்கள் கூடினார்கள், தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், தோழிகளோடு சேர்ந்து சமைத்து விற்ற காசை வாரக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார், பேருந்துக்குப் பதிலாக ஓடிய வண்டிகளுக்குப் பெட்ரோல் போட உதவிய காசு அது. மேடைப் படங்களில் இவர்கள் யாரும் இல்லை.

இதைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் வரவில்லை. 'சரித்திரம் நம்மைப் புரிந்துகொள்ளும்' என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அதிகாரியைப் பார்க்கப் போகும் குழுவில் பாதிப் பேர் பெண்கள், அதுவும் சும்மா உட்கார்ந்து வர அல்ல, பேசும் பொறுப்போடு. கூட்ட நேரத்தைப் பெண்கள் சொல்லட்டும், ஏனென்றால் சாயங்காலம் ஏழு மணிக் கூட்டம் யாருக்கு வசதி என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளும் முறை ஆண்களுக்கும் வரட்டும். இதெல்லாம் எடுபடாவிட்டால், ஒரே ஒரு கூட்டத்துக்கு யாரும் பெருக்காதீர்கள், பாய் விரிக்காதீர்கள், ஆள் கூப்பிடவும் போகாதீர்கள். காலி அறையில் மேடை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கலாம்.

கேள்வி: எங்களுக்கும் பக்கத்துச் சமூகத்துக்கும் ஆகாது. இரண்டு பேருக்கும் கூலி ஒரே மாதிரி குறைவு, முதலாளியும் ஒருவரே. நாங்கள் கேட்டால் அவர்களைக் கூப்பிடுவார், அவர்கள் கேட்டால் எங்களைக் கூப்பிடுவார். அவர்களோடு போய்ப் பேசு என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். அது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. மேலே சாவேஸைச் சொன்னேனே, 1965-இல் டெலானோ பகுதியில் அந்தத் திராட்சைப் பண்ணை வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது அவர் சங்கம் இல்லை, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பிலிப்பினோ தொழிலாளர்கள். அவர்களுக்குத் தலைமை லாரி இட்லியாங். நீங்கள் எழுதியிருக்கும் அதே கதைதான் அங்கேயும்: பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தினால், சாவேஸ் சங்கத்தில் பெரும்பாலோரான மெக்சிகோ வம்சாவளியினரை இறக்குவார்கள், அவர்கள் நிறுத்தினால் இவர்களை இறக்குவார்கள். செப்டம்பர் 8 அன்று நிறுத்தம் தொடங்கியது. இட்லியாங் சாவேஸிடம் போய்ப் பேசினார். சாவேஸ் தரப்புக்கு அப்போது அது வேண்டாத நேரம், இன்னும் தயாராகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் செப்டம்பர் 16 அன்று கூடி வாக்கெடுத்துச் சேர்ந்தார்கள். பிலிப்பினோக்களின் மன்றத்தில் பொதுச் சமையல், ஒரே மறியல் வரிசை. அடுத்த வருஷம் இரண்டு சங்கமும் ஒன்றாயின. பண்ணை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1970 ஆனது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்னவென்றால், பழைய பகையைத் தீர்த்துவிட்டு அப்புறம் சேரலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கோரிக்கை, ஒரு குறிப்பிட்ட வாரம், "நாங்கள் நிறுத்தும்போது நீங்கள் உள்ளே போகாதீர்கள், நீங்கள் நிறுத்தும்போது நாங்கள் போக மாட்டோம்". முதல் பேச்சில் அவ்வளவு போதும். கல்யாணச் சம்பந்தம் பேசப் போகவில்லையே.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இணைந்த சங்கத்தில் பிலிப்பினோக்கள் எண்ணிக்கையில் குறைவு, முடிவுகளில் தங்கள் குரல் கேட்கவில்லை என்ற வருத்தம் அவர்களுக்கு வளர்ந்தது, 1971-இல் இட்லியாங் விலகிவிட்டார். இரண்டு தரப்பில் எது சின்னதோ அதற்கு எண்ணிக்கையைவிடக் கூடுதல் இடம் கொடுக்க முதல் நாளே ஒத்துக்கொள்ளுங்கள். பெரிய தரப்பு நீங்கள் என்றால் இது உங்களுக்குக் கசக்கும், தெரியும்.

கேள்வி: வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறோம். ஏஜென்டுக்கு மேல் ஏஜென்ட். கடைசி முதலாளி யாரென்றே தெரியாது. யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பது?

அகமதாபாத்தில் 1972-இல் இலா பட் பெண் தொழிலாளர்களின் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை இதே கேள்வியைத்தான் கேட்டது. தெருவில் விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள், வீட்டிலிருந்து தைப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் முதலாளியே இல்லையே, யாரோடு போராடப் போகிறீர்கள் என்று கேட்டுப் பதிவு தர மறுத்தார்கள். சங்கம் என்பது யாரையாவது எதிர்க்க மட்டுமல்ல, தொழிலாளர்கள் ஒன்றாக இருப்பதற்காகவும்தான் என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சொந்தமாகக் கூட்டுறவு வங்கியே ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படமே அடையாளம்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். யாருக்கு, எந்த ஏஜென்ட், எந்த உருப்படிக்கு, என்ன ரேட், பணம் எத்தனை நாள் கழித்து வந்தது. முப்பது பேரின் கணக்கை ஒரே பக்கத்தில் பார்த்தால் ஒரே சட்டைக்கு மூன்று ரேட் இருப்பது தெரியும். ஏஜென்டுகள் உங்களைவிட நெருக்கமாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும்.

கேள்வி: எங்களுக்குத் தலைவரே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லாரும் சமம். சரியா?

எண்ணம் நல்லது. ஆனால் தலைவர் இல்லை என்று அறிவித்த இடங்களில் யாருக்கு நேரம் இருக்கிறதோ, யாருக்கு நன்றாகப் பேச வருகிறதோ, யாரிடம் வண்டியும் போனும் இருக்கிறதோ அவர் சத்தமில்லாமல் தலைவராகிவிடுவார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் நீக்கவும் முடியாது. பொறுப்புகளை எழுதி வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வையுங்கள், முடிந்ததும் இன்னொருவருக்குக் கொடுங்கள், பழையவர் புதியவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கத்தில் எலா பேக்கர் என்ற பெண் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியது, ஒரு பெரிய ஆளை நம்பி நிற்காமல் நிறையச் சாதாரண ஆட்களைத் தலைமைக்குப் பழக்குவதைத்தான். 1960-இல் மாணவர்கள் தங்கள் அமைப்பைத் தொடங்கியபோது, பெரிய அமைப்புகளின் இளைஞர் கிளையாக மாறிவிடாமல் அவர்களே முடிவெடுக்கட்டும் என்று கூட நின்றவரும் அவர்தான்.

கேள்வி: சேர்ந்தால் வேலை போய்விடும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். பயத்தை எப்படிப் போக்குவது?

போக்க வேண்டாம். வேலை போகும் என்று பயப்படுகிறவருக்கு அவருடைய முதலாளியை உங்களைவிட நன்றாகத் தெரியும். "பயப்படாதீர்கள்" என்று சொல்கிறவரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று அவர் மனதில் கணக்குப் போடுவார், அது நியாயமான கணக்கு.

எதிர்த்தரப்பு என்னென்ன செய்யும் என்று உட்கார்ந்து பட்டியல் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நம் ஏற்பாடு என்ன என்று எழுதுங்கள். மான்ட்கோமரிக்கே திரும்பப் போகிறேன், ஏனென்றால் 381 நாள் நீடித்த அந்தப் புறக்கணிப்பில் இது துல்லியமாகத் தெரியும். முதலில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகராட்சி அதை மடக்கியது. உடனே சொந்தக் கார் வைத்திருப்பவர்களைச் சேர்த்து, ஏறும் இடம் இறங்கும் இடம் குறித்து, பெரிய வாகன ஏற்பாடு செய்தார்கள். அந்த வண்டிகளின் காப்பீட்டை எதிர்த்தரப்பு ரத்து செய்ய வைத்தது. இவர்கள் லண்டன் லாயிட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை மூலம் வேறு காப்பீடு வாங்கினார்கள். 1956 ஜனவரியில் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. பிப்ரவரியில் 1921-ஆம் வருஷத்துப் பழைய புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் குற்றம் சாட்டினார்கள். அவர்களில் பலர், போலீஸ் தேடி வரும்வரை இருக்காமல் தாங்களே நேராகப் போய் "என்னைத் தேடினீர்களாமே" என்று நின்றார்கள். பயம் இல்லாமல் இல்லை. ரோசா பார்க்ஸுக்கே தையல் வேலை போய்விட்டது. ஆனால் அடுத்த அடி எங்கிருந்து வரும், வந்தால் யாரிடம் போவது என்று தெரிந்த பயத்தோடு மனிதர்கள் வேலை செய்ய முடியும்.

எல்லாரும் ஒரே அளவு ஆபத்தை ஏற்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பெயர் வெளியே தெரியாமல் செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. கணக்கு எழுதலாம், விண்ணப்பம் நிரப்பலாம், வேலை இழந்தவர் வீட்டுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுக்கலாம். அப்படி ஒரு நிதி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பலர் கையெழுத்துப் போட முன்வருவார்கள். முதலில் நிதி, அப்புறம் போராட்டம்.

கேள்வி: நான் வசதியான, ஆதிக்கத் தரப்பைச் சேர்ந்தவன். மனப்பூர்வமாக உதவ நினைக்கிறேன். போனால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என்ன செய்யட்டும்?

சந்தேகப்படட்டும் தம்பி, அவர்களுக்கு முன்அனுபவம் இருக்கும். நன்றி எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆலோசனையோடும் போகாதீர்கள்.

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் 1973-இலேயே வந்துவிட்டது, அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நாலு வருஷமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். அங்கே கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் என்ன செய்தார்கள் தெரியுமா? சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள், தினமும். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்து விழுந்தது. உதவி என்றால் எனக்கு அதுதான் அளவுகோல்: கேட்டதைச் செய்வது, செய்துவிட்டு நகர்ந்துவிடுவது.

உங்களால் மட்டும் முடிகிற இன்னொரு வேலையும் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத்தான் தவிர்ப்பார்கள். உங்கள் ஆட்களிடமே போய்ப் பேசுவது. வைக்கம் போராட்டத்தின்போது 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினரே ஓர் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு நடந்து போய், வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களை எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்லி இருபத்தைந்தாயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவை மகாராணியிடம் கொடுத்தார்கள். உங்கள் சித்தப்பாவிடமும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பேசுவதற்கு இதைவிடத் தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: பெரிய நிறுவனம் ஒன்று நிதி தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

வாங்கினால் உங்கள் அடுத்த முடிவை யார் எடுப்பார்கள் என்று மட்டும் பாருங்கள். சாவேஸின் சங்கத்தில் மாதச் சந்தா மூன்றரை டாலர், அன்றைய பண்ணைக் கூலிக்கு அது சுமைதான். ஆனாலும் அதைக் குறைக்கவில்லை, ஏனென்றால் சந்தா கட்டுகிறவர் கேள்வி கேட்பார், கணக்குக் கேட்பார். வெளி நிதி வந்தால் அது இல்லாமலும் நடக்கிற மாதிரி வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கிய எம்.கே.எஸ்.எஸ். என்ற உழைப்பாளர் அமைப்பு, 1994 டிசம்பரிலிருந்து ஊர் நடுவில் மக்கள் விசாரணைகள் நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டையும் பில்லையும் மைக்கில் சத்தமாக வாசிப்பார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்ட், எல்லாம் கூட்டத்தின் நடுவில் வெளியே வரும், பெயர் வந்தவர் அங்கேயே எழுந்து "நான் அந்த வேலைக்கே போகவில்லை" என்பார். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் போராட்டத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அடுத்தவர் கணக்கை அப்படி வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் தங்கள் சங்கத்தின் கணக்கையும் மாதாமாதம் வாசிக்க வேண்டும், டீச் செலவு உட்பட. நான் பார்த்தவரை நல்ல சங்கங்கள் உடைந்தது பெரும்பாலும் போலீசாலோ முதலாளியாலோ இல்லை, பணம் பற்றிய முணுமுணுப்பால்தான்.

கேள்வி: பேச்சுவார்த்தைக்குத் தலைவரை மட்டும் தனியாக வரச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

கூடாது. குறைந்தது மூன்று பேர் போக வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், அங்கே எந்த முடிவும் சொல்லாமல் "எங்கள் ஆட்களிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்து வர வேண்டும்.

கேள்வி: நாங்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. இதை வெற்றி என்று கொண்டாடினால் சிலர் துரோகம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று தொடங்கியபோது கேட்டது கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க. பெரியார் இரண்டு முறை சிறை போனார், நாகம்மையாரும் களத்தில் நின்றார், மழை வெள்ளத்தில் தொண்டர்கள் தண்ணீரிலேயே நின்றார்கள். சட்டசபையில் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. கடைசியில் 1925 நவம்பரில் முடிவுக்கு வந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. இது பாதி வெற்றியா, முக்கால் வெற்றியா என்று அன்றும் சண்டை போட்டிருப்பார்கள். 1936-இல் திருவிதாங்கூர் கோயில்களே எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன.

கிடைத்த பாதியைக் கொண்டாடுங்கள், ஆட்களுக்கு மூச்சு விட வேண்டாமா? ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். கிடைத்த பாதி யாருக்குக் கிடைத்தது? உங்களில் கொஞ்சம் வசதியானவர்களின் பிரச்சினை தீர்ந்து, அடிமட்டத்தில் இருப்பவர்களின் கோரிக்கை மிச்சம் இருக்கிறது என்றால், துரோகம் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அடுத்த கோரிக்கையாக அவர்களுடையதை முதலில் வையுங்கள். இரண்டாவது, ஒப்புக்கொள்ளும் முடிவை யார் எடுத்தார்கள்? எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டு எடுத்தீர்களா, இல்லை நாலு பேர் அறைக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அறிவித்தீர்களா? இரண்டாவதுதான் நடந்தது என்றால் கிடைத்தது முழுசாகவே இருந்தாலும் சண்டை வரும்.

கேள்வி: சங்கத்துக்குப் பெயர் வைப்பதிலேயே மூன்று கூட்டம் ஓடிவிட்டது. ஒரு நல்ல பெயர் சொல்லுங்களேன்.

மான்ட்கோமரியில் பேருந்துகள் காலியாக ஓடத் தொடங்கியது 1955 டிசம்பர் 5 காலையில். அதை நடத்தும் அமைப்புக்குப் பெயர் வைத்தது அன்று மத்தியானத்துக்கு மேல். வங்கிக் கணக்குத் திறக்கும்போது பெயர் தேவைப்படும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில், முதல் கேள்வியில் சொன்ன தெருவிளக்கு மாதிரி உங்கள் கோரிக்கை எதுவோ, அது யார் ஆபீசில் நிற்கிறது என்று விசாரிக்க ஆள் போடுங்கள்.